புது கோல்ப் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) செட் வாங்குமுன்: சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டார ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தோட்டத்து ஒன்பது குழித் திடலில் சாயங்காலம் ஆடுகிறவர்களும், வார இறுதியில் ஹார்வார்ட், சிந்தா சாயாங் கோல்ப் கிளப்புகளுக்குப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் வலது கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இடது கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தூரம் என்று சொல்வதெல்லாம் பந்து காற்றில் பறந்து முதலில் தரையைத் தொடும் தூரம், மீட்டரில். உருண்டு போகும் தூரம் கணக்கில் இல்லை.

என் செட் பத்து வருடப் பழசு. கட்டாயம் மாற்ற வேண்டுமா?

வயதை மட்டும் வைத்து மாற்ற வேண்டியதில்லை. முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள். குறுகிய தூர மட்டைகளான பிட்சிங் வெட்ஜ், 9-ம் நம்பர் (நம்பர் கூடக் கூடத் தூரம் குறையும்) ஆகியவற்றின் முகத்தில் உள்ள பள்ளக்கோடுகளில் நகத்தை ஓட்டினால் விளிம்பு தட்டுப்பட வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் கோடு தேய்ந்துவிட்டது. கிரிப் பளபளவென்று கல்லாகிவிட்டதா என்று பாருங்கள். மூன்றாவதாக, லாப்ட்டும் (முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) லையும் (மட்டைத் தண்டு தரையோடு அமைக்கும் கோணம்) இன்னும் பழைய அளவிலேயே இருக்கின்றனவா என்று அளக்கச் சொல்லுங்கள். ரப்பர் விரிப்பிலும் காய்ந்த செம்மண்ணிலும் வருடக்கணக்கில் அடித்த மட்டை, அதிலும் மென்மையான இரும்பில் அடித்துச் செய்தது, ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்திருக்கும். அப்போது 8-ம் நம்பரும் 9-ம் நம்பரும் ஒரே தூரம் போகும்.

கிரிப்பை மாற்றி, கோணத்தைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்குப் புது செட் தேவைப்படாது. மட்டை உங்கள் உயரத்துக்குப் பொருந்தவில்லை, ஷாப்ட் (மட்டைத் தண்டு) உங்களுக்குக் கனமாகிவிட்டது, நடுவில் படாத பந்தெல்லாம் குட்டையாக விழுகிறது என்றால் மட்டும் கடைக்குப் போங்கள்.

பிளேடு, கேவிட்டி பேக், உள்கூடு மட்டை… எனக்கு எது?

பிளேடு என்பது பின்புறம் முழுத்தகடாக உள்ள மட்டை. எடை நடுவில் குவிந்திருக்கும், அடிப்பாகம் மெல்லியது. நடுவில் பட்டால் பந்தைச் சொன்னபடி கேட்க வைக்கும். நுனியில் பட்டால் தலை கையில் திரும்பிவிடும், தூரம் சட்டென்று குறையும். கேவிட்டி பேக்கில் பின்புறத்தைக் குடைந்து எடையைச் சுற்றுவிளிம்புக்குத் தள்ளியிருப்பார்கள். அதனால் ஓரத்தில் பட்டாலும் தலை குறைவாகவே திரும்பும். இந்த விளிம்பெடை முறையைப் பரவலாக்கியவர் பிங் நிறுவனத்தை 1959-ல் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹெய்ம். 1982-ல் வந்த பிங் ஐ 2 இன்றுவரை பல பைகளில் இருக்கிறது.

மூன்றாவது வகை, மெல்லிய முகமும் உள்ளே வெற்றிடமும் கொண்ட தூர மட்டைகள். டங்ஸ்டன் துண்டை அடியில் வைத்து ஈர்ப்பு மையத்தை இறக்கியிருப்பார்கள். பந்து வேகமாகக் கிளம்பும், உயரமும் வரும்.

எங்கள் கருத்து இது: 18 குழிக்கு 90 அடிக்கு மேல் எடுத்து ஆடுகிறவர் நடுத்தர அகல அடிப்பாகமுள்ள கேவிட்டி பேக்கில் தொடங்குவதே சரி. 80-களில் நிலையாக ஆடுகிறவர், பந்தைத் தொடர்ந்து நடுவில் அடிக்கிறாரா என்று சோதித்துவிட்டுச் சிறிய தலைக்கு வரலாம். அதைச் சோதிக்க, கடையில் கிடைக்கும் கால் பவுடர் ஸ்ப்ரேயை முகத்தில் லேசாக அடித்து, 7-ம் நம்பரில் பத்துப் பந்து அடியுங்கள். பந்தின் வட்டத் தடங்களின் நடுப்புள்ளிகள் ஒரு ஐம்பது காசு நாணயத்துக்குள் அடங்கினால் சிறிய தலை தாங்கும். நுனியிலிருந்து குதிவரை (ஷாப்டை ஒட்டிய ஓரம்) பரவியிருந்தால் அகலமான தலையே துணை.

ஷாப்டுக்குச் சற்றுப் பின்னால் முகம் தள்ளி அமைந்திருப்பதை ஆப்செட் என்பார்கள். பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறவர்களுக்கு அது உதவும். ஏற்கெனவே இடப்பக்கம் இழுக்கிறவர்கள் ஆப்செட் குறைந்ததை எடுங்கள்.

நண்பரின் 7-ம் நம்பர் என்னுடையதைவிட 15 மீட்டர் கூடுதலாகப் போகிறது. அவர் வாங்கிய செட்டையே வாங்கலாமா?

மட்டையின் அடியில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், லாப்ட்டைக் கேளுங்கள். பழைய முறைச் செட்டில் 7-ம் நம்பர் 34 முதல் 36 டிகிரி. இன்றைய தூர மட்டைகளில் 28, 29 டிகிரிக்கும் வந்துவிட்டது. பழைய கணக்கில் அது கிட்டத்தட்ட 5-ம் நம்பர். நண்பர் 7 என்று எழுதிய 5-ம் நம்பரை அடிக்கிறார், அவ்வளவுதான். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் பந்து உயரே போகிறது, அதனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் செட்டின் மறுமுனையைப் பாருங்கள். அந்தச் செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி. உங்கள் பையில் உள்ள சேண்ட் வெட்ஜ் (மணல்குழி மட்டை) 56. இடையில் 13 டிகிரி காலி. 70 முதல் 100 மீட்டருக்குள் முழுவீச்சில் அடிக்க மட்டையே இருக்காது. பல ஆட்டக்காரர்கள் அந்தத் தூரத்தில் ஸ்கோரை இழக்கிறார்கள். 43 டிகிரியில் முடியும் செட்டை எடுத்தால் இடைவெளியை நிரப்பும் கேப் வெட்ஜ் இரண்டையும், 48, 52 டிகிரியில், சேர்த்தே விலை பேசுங்கள். அடுத்தடுத்த மட்டைகளுக்கு இடையில் 4 முதல் 5 டிகிரி, ஏறக்குறைய 9 முதல் 11 மீட்டர் வித்தியாசம் இருந்தால் பை சீராக இருக்கும்.

4-ம் நம்பர் தேவையா?

பெரும்பாலோருக்கு வேண்டாம். விதிப்படி பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக்கூடாது. டிரைவர் (முதல் அடிக்கான நீள மட்டை), பட்டர் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் மட்டை) போக மீதி 12. 5-ம் நம்பரை அடித்துப் பந்து 6-ம் நம்பரைவிட 8 மீட்டராவது கூடுதலாகப் பறக்கவில்லை என்றால், 5-ஐயும் விட்டுவிட்டு ஹைப்ரிட் (நீண்ட அயர்னைவிட எளிதாகப் பந்தை உயர்த்தும் கலப்பு மட்டை) எடுங்கள். நீண்ட அயர்ன் உயரே ஏறத் தலை வேகம் வேண்டும். வேகம் இல்லாதவர் கையில் 4, 5, 6 மூன்றும் ஒரே இடத்தில்தான் விழும். செட் பிரித்து விற்கும் கடையில் 6 முதல் பிட்சிங் வரை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் ஒரு ஹைப்ரிட்டும் ஒரு வெட்ஜும் வாங்குவது நல்ல கணக்கு.

ஷாப்ட் ஸ்டீலா, கிராபைட்டா? ஆர், எஸ் என்பது என்ன?

முதலில் எடையைப் பாருங்கள், விறைப்பு அப்புறம். டைனமிக் கோல்ட் எஸ் 300 போன்ற பாரம்பரிய ஸ்டீல் ஷாப்ட் சுமார் 130 கிராம். என்.எஸ். புரோ 950 போன்ற இலகு ஸ்டீல் 100 கிராமை ஒட்டி இருக்கும். கிராபைட் 50 கிராமிலிருந்து 90-க்கு மேலும் கிடைக்கிறது. நம் வெயிலில், நடந்தே ஆடுகிறவருக்கு 14-வது குழிக்கு மேல் கை சோர்வது இயல்பு. கடைசி நான்கு குழியில் பந்து குட்டையாகவும் வலப்பக்கமாகவும் விழுகிறது என்றால் ஷாப்ட் கனம்தான் முதல் சந்தேகம். மூட்டு, முழங்கை வலி உள்ளவர்களுக்கும் கிராபைட் அதிர்வைக் குறைக்கும்.

மறுபக்கமும் உண்டு. மிக இலகுவான ஷாப்டை வேகமாக வீசுகிறவர் எடுத்தால் தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது, பந்து இரு பக்கமும் சிதறும்.

ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிப்) என்ற விறைப்பு எழுத்துகளுக்குப் பொது அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். தோராயமாக, 34 டிகிரி 7-ம் நம்பரில் 120 மீட்டருக்குக் குறைவாகப் பறந்தால் ஆர் அல்லது அதைவிட மென்மையானது, 140-க்கு மேல் என்றால் எஸ், இடைப்பட்டவர்கள் இரண்டையும் அடித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஓய்வு பெற்ற கிராணியார் (தோட்ட எழுத்தர்) என் அப்பா, வயது 68. பழைய பிளேடு செட்டையே வைத்திருக்கிறார். என்ன வாங்கித் தரலாம்?

60 கிராமை ஒட்டிய மென்மையான கிராபைட் ஷாப்ட், அகல அடிப்பாகம், 6 அல்லது 7-ம் நம்பரில் தொடங்கும் செட், அதற்கு மேலே இரண்டு ஹைப்ரிட். விரல் மூட்டு வலி இருந்தால் ஒரு அளவு பெரிய கிரிப். லாப்ட் மிகக் குறைந்த செட்டைத் தவிருங்கள். தலை வேகம் குறைந்தவருக்குப் பந்து ஏறாமல் தாழப் போய், கிரீனில் (குழி உள்ள வழவழப்பான புல்தரை) நிற்காமல் ஓடிவிடும். பழைய செட்டைத் தூக்கிப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அதிலுள்ள 8, 9 அவர் கைக்குப் பழகியவை, கிரீன் ஓரத்தில் உருட்டி அடிக்க இன்னும் உதவும்.

நீளமும் லையும் வீட்டிலேயே அளக்க முடியுமா?

தொடக்க அளவு எடுக்கலாம். கோல்ப் காலணி போட்டு நேராக நின்று, கைகளைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டுக் கோட்டிலிருந்து தரைவரை இன்னொருவர் டேப் வைத்து அளக்கட்டும். ஐந்தடி ஒன்பது அங்குல உயரத்துக்கு இந்த அளவு 34, 35 அங்குலத்தை ஒட்டி இருந்தால் கடையில் உள்ள சாதாரண நீளம் பொருந்தும். 7-ம் நம்பருக்கு அது 37 அங்குலம். ஒவ்வொரு நம்பருக்கும் அரை அங்குலம் கூடிக் குறையும். உயரமானவர், ஆனால் கையும் நீளம் என்றால் நீட்டத் தேவையில்லை. உயரத்தை மட்டும் கேட்டு அளவு சொல்லும் கடையில் கவனமாக இருங்கள்.

லையைப் பந்து அடித்துத்தான் பார்க்க வேண்டும். நிற்கும்போது ஒரு கோணம், பந்தைத் தொடும் நொடியில் வேறு கோணம், ஏனென்றால் வீச்சில் ஷாப்ட் கீழ்நோக்கி வளைகிறது. வெள்ளைப் பலகை மார்க்கரால் பந்தில் ஒரு தடித்த கோடு வரையுங்கள். கோடு செங்குத்தாக, மட்டையின் முகத்தைப் பார்த்தபடி பந்தை வையுங்கள். 7-ம் நம்பரில் அடியுங்கள். கோடு முகத்தில் பதிந்திருக்கும். அது பள்ளக்கோடுகளுக்குச் சரிசெங்குத்தாக இருந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை அதிகம் நிமிர்ந்திருக்கிறது, பந்து இடப்பக்கம் கிளம்பும். குதிப்பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை தட்டையாகக் கிடக்கிறது, பந்து வலப்பக்கம் போகும். ஒரு பந்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆறேழு பந்து அடித்துப் பெரும்பான்மையைப் பாருங்கள்.

லாப்ட் கூடிய மட்டையில்தான் லை பிசகு அதிகம் தெரியும். வெட்ஜில் குறிபார்த்து அடித்தும் எப்போதும் கிரீனின் ஒரே ஓரத்தில் விழுகிறது என்றால், வீச்சைத் திருத்துவதற்கு முன் லையை அளந்து பாருங்கள். வீச்சை மாற்றப் போய் மாதக்கணக்கில் அல்லாடுகிறவர்கள் பலர், ஆனால் கோளாறு மட்டையில் இருக்கும்.

வளைக்கக் கேட்கும்போது ஒன்று: மென்மையான கார்பன் இரும்பில் அடித்த மட்டை இரண்டு மூன்று டிகிரி எளிதாக வளையும். 17-4 வகை ஸ்டெயின்லெஸ் வார்ப்பு கடினம், வற்புறுத்தினால் கழுத்து முறியும். உள்கூடு மட்டைகளில் சிலவற்றை வளைக்கவே கூடாது, வாங்குமுன் கேளுங்கள். நீளத்தை அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் எடை (வீசும்போது கையில் உணரும் தலைக் கனம்) சுமார் மூன்று புள்ளி குறையும், தலை காணாமல் போனதுபோல் இருக்கும். தலையில் சுமார் 6 கிராம் சேர்த்தால் ஈடாகும்.

நம் ஊர்த் தரைக்கு எந்த மாதிரி அடிப்பாகம் நல்லது?

விளம்பரங்கள் சொல்லாதது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவே வெட்டிய பழைய திடல்களில் பேர்வே (குழிக்குப் போகும் புல்வெளிப் பாதை) பெரும்பாலும் கௌ கிராஸ் எனப்படும் அகல இலைப் புல். பந்து அதன் மேல் நிற்காது, இலைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடும். அடியில் களிமண். மத்தியான மழைக்குப் பிறகு அந்த மண் மட்டையைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய அடிப்பாகமும் கூரிய முன்விளிம்பும் உள்ள மட்டை, பந்துக்கு ஒரு விரல்கடை பின்னால் விழுந்தாலும் மண்ணுக்குள் புதைந்துவிடும், பந்து பாதித் தூரம்தான் போகும். இதற்கு அகல அடிப்பாகமும், நடுத்தரத்துக்கு மேல் பவுன்ஸும் வேண்டும். பவுன்ஸ் என்பது முன்விளிம்பைவிட அடிப்பாகத்தின் பின்பகுதி தாழ்ந்திருக்கும் கோணம். அது மட்டையை மண்ணுக்குள் போகவிடாமல் மேலே வழுக்கச் செய்கிறது. கூடவே முன்விளிம்பு சற்று மழுங்கலாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட காலம். செம்மண் மேடுகள் இறுகிவிடும். அப்போது அதிக பவுன்ஸ் உள்ள அகல வெட்ஜ் தரையில் துள்ளி, முன்விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும், பந்து தாழப் பறந்து கிரீனைத் தாண்டும். ஆகவே அயர்னுக்கு அகலமானதை எடுத்து, வெட்ஜில் மட்டும் பிரித்து வையுங்கள்: கேப் வெட்ஜ் 6 முதல் 8 டிகிரி பவுன்ஸ், சேண்ட் வெட்ஜ் 12-ஐ ஒட்டி. ஒன்று காய்ந்த தரைக்கு, ஒன்று ஈரத்துக்கும் மணலுக்கும்.

நீங்கள் பந்தை எப்படி அடிக்கிறீர்கள் என்பதும் சேரும். செங்குத்தாக இறங்கி ஆழமான மண்கட்டியைப் பெயர்ப்பவருக்கு பவுன்ஸ் கூடுதல் வேண்டும். புல்லை வழித்துக்கொண்டு போகிறவர் குறைவானதோடு பிழைத்துக்கொள்வார்.

லாப்ட்டை வளைத்தால் பவுன்ஸும் மாறும். தூரம் கேட்டு 2 டிகிரி குறைத்தால் பவுன்ஸும் 2 டிகிரி போய்விடும். ஈரத் தரையில் ஆடுகிறவர் இதைச் செய்யவே கூடாது.

ஈரப் புல்லில் இன்னொரு தொல்லை: முகத்துக்கும் பந்துக்கும் நடுவே தண்ணீர் புகுந்து சுழற்சி குறையும், பந்து எதிர்பார்த்ததைவிடத் தூரம் பறந்து, விழுந்த இடத்தில் நிற்காது. மெல்லிய முகமுள்ள தூர மட்டைகளில் இது அதிகம் தெரியும். மழைக்குப் பிறகு ஒரு படி தூரம் குறைந்த மட்டையை (7-க்குப் பதில் 8) எடுத்து அடிப்பது பழக வேண்டிய ஒன்று.

கடையில் அடித்துப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

உங்கள் பழைய 7-ம் நம்பரைக் கையோடு கொண்டுபோங்கள். முதலில் அதில் பத்துப் பந்து, பிறகு புதியதில் பத்து. நீண்ட பந்தை மனத்தில் வைக்காதீர்கள். மிக நீளமானது இரண்டு, மிகக் குட்டையானது இரண்டு தள்ளிவிட்டு மீதி ஆறின் பரப்பைப் பாருங்கள். சராசரி 5 மீட்டர் கூடி, முன்பின் பரப்பு 20 மீட்டர் ஆகிறது என்றால் அந்த மட்டை உங்களுக்கு நஷ்டம்.

பந்து பறப்பதை அளக்கும் கடைக் கருவியில் தூரத்தோடு இறங்கு கோணத்தையும் கேளுங்கள். 7-ம் நம்பரில் 45 டிகிரியை ஒட்டி இறங்கினால் கிரீனில் நிற்கும். 40-க்குக் கீழே என்றால் வறண்ட மாதங்களில் உருண்டோடும்.

ரப்பர் விரிப்பு பொய் சொல்லும். பந்துக்குப் பின்னால் விழுந்த மட்டையும் அதில் வழுக்கிப் போய்ப் பந்தை நன்றாகவே அடிக்கும். புல்லில் அது குட்டையாக விழும் அடி. ஆகவே மாதிரி மட்டையை ஒரு நாள் இரவல் கேட்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் திடலில், நீங்கள் வழக்கமாக வாங்கும் பந்தில் அடியுங்கள். பயிற்சிப் பந்துகள் குறைவாகப் பறப்பவை, அதில் தூரம் அளக்காதீர்கள். மாதிரி தர மறுக்கும் கடையில் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

அடித்துச் செய்ததா, வார்த்ததா?

கையில் படும் உணர்வில் வித்தியாசம் உண்டு. பந்து போகும் விதத்தைத் தீர்மானிப்பது வடிவமும் எடைப் பங்கீடும்தான். அடித்துச் செய்ததன் உண்மையான லாபம், லையை எளிதாக வளைத்துச் சரிசெய்யலாம் என்பது.

ஜப்பானிலிருந்து வரும் பழைய செட்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

வாங்கலாம், நல்ல பராமரிப்பில் இருப்பவை நிறைய. கவனிக்க வேண்டியவை: ஷாப்ட் இலகுவாகவும் மென்மையாகவும் இருக்கும், 9-ம் நம்பருக்கு மேல் வெட்ஜ்கள் தனியாக விற்கப்பட்டிருக்கலாம், முந்தைய உரிமையாளர் லையை வளைத்திருக்கலாம். 2010-க்கு முன் செய்த செட் என்றால் பள்ளக்கோட்டு விதி மாறியதால், கிளப் போட்டிக்கு முன் போட்டிக்குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போலியைக் கண்டுபிடிக்கச் சமையல் தராசு போதும். ஒவ்வொரு மட்டையையும் நிறுத்துப் பாருங்கள். 5-ல் தொடங்கி 9 வரை எடை சீராக, சுமார் 5 முதல் 8 கிராம் வீதம் ஏற வேண்டும். ஒன்று 2 கிராம், அடுத்தது 15 கிராம் என்று தாறுமாறாக ஏறினால் விட்டுவிடுங்கள். தலைக்கும் ஷாப்டுக்கும் நடுவே உள்ள கறுப்பு வளையத்தில் இடைவெளி, எழுத்துகளில் வழிந்த வண்ணம், கழுத்தில் தேய்த்தால் போகும் வரிசை எண், இவையும் எச்சரிக்கை.

கிரிப் சீக்கிரம் வழுக்குகிறது. நானே மாற்றலாமா?

வியர்வையும் ஈரமும் ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். வாரம் ஒருமுறை ஆடுகிறவர் வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். நூலிழை கலந்த கிரிப் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மென்மையான கைக்குக் கரகரப்பு. மேல்பாதி நூலிழை, கீழ்ப்பாதி ரப்பர் என்ற வகை நல்ல சமரசம். இடையில் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் இன்னும் சில மாதம் ஓடும்.

மாற்றும் முறை: வளைந்த பிளேடால் பழைய கிரிப்பை உங்களுக்கு எதிர்த்திசையில் கீறி உரியுங்கள். கிராபைட் ஷாப்டில் நேர் பிளேடு வேண்டாம், இழை அறுந்தால் ஷாப்ட் போச்சு. பழைய டேப்பைச் சுரண்டி, சுமார் 25 சென்டிமீட்டர் நீள இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி, மேல்நுனியில் கொஞ்சம் விட்டு உள்ளே மடியுங்கள். புதுக் கிரிப்பின் அடித்துளையை விரலால் மூடி, ஹார்டுவேர் கடை டர்பன்டைனை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப் மேல் வழியவிடுங்கள். தயங்காமல் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். பாதியில் நின்றால் ஒட்டிக்கொள்ளும். உடனே முகத்தோடு நேர் பார்த்துத் திருப்பி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். எல்லா மட்டைக்கும் ஒரே எடைக் கிரிப்பாக இருக்கட்டும்.

புது செட்டைக் கார் பின்பெட்டியிலேயே வைத்திருக்கலாமா?

வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் தலையை ஒட்டியிருக்கும் எபாக்சி பசை மெல்ல இளகும். கறுப்பு வளையம் மேலே நகர்வதைக் கண்டால் அதற்கு அறிகுறி, அந்த மட்டையை அடிக்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள். வீச்சின் நடுவில் தலை கழன்று பறந்தால் எதிரில் நிற்பவருக்கு ஆபத்து. மழையில் நனைந்த பையைக் கவிழ்த்து அடித்தண்ணீரை வடியுங்கள், மட்டைகளை வெளியே எடுத்துத் துடைத்துக் காயவையுங்கள். கிரிப்பின் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஸ்டீல் ஷாப்ட் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அடித்துப் பார்க்கும்போது உள்ளே மணல் உருள்வதுபோல் சத்தம் வந்தால் அது துருவின் துகளாக இருக்கலாம், அந்த ஷாப்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.